அம்மாவின் இடுப்பில் இருந்த படை

2019 ஆவணியில் அம்மா கொல்லைப்புறத்துப் பாசியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு சேலை கட்ட முடியாது. நாலு நாள் லீவு போட்டுக் குளித்தலைக்குப் போனேன். முதல் நாள் காலையில் பாவாடை நாடாவைக் கட்டிவிடக் குனிந்தபோதுதான் பார்த்தேன். இடுப்பைச் சுற்றி, பின்பக்கம், தொடையின் உள்புறம் வரை திட்டுத் திட்டாகப் படை. சில திட்டுகள் கறுத்து, மேல்தோல் வெங்காயச் சருகு போலச் சுருங்கிக் கிடந்தன. சில தேமல் மாதிரி வெளுத்திருந்தன. இரண்டு இடங்கள் மட்டும் தடவினால் கைக்குத் தட்டுப்படும் அளவுக்குத் தடித்திருந்தன.

"எத்தனை நாளாம்மா இது?"

"அது கெடக்கு. நாடா இறுக்கி அரிச்ச எடம். அஞ்சாறு வருசமா இருக்கு. போகும், வரும்."

கட்டிலுக்கு அடியில் இருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுக்கச் சொன்னாள். உள்ளே நசுக்கி நசுக்கிப் பிதுக்கித் தீர்த்த ட்யூப்கள். எண்ணிப் பார்த்தேன், இருபத்தேழு. எல்லாம் மருந்துக்கடையில் "படைக்கு ஒரு ட்யூப் குடுப்பா" என்று வாங்கியவை. பின்புறம் பொடி எழுத்தைப் படித்தால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் மூன்று மருந்துகள் கலந்திருந்தன: பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு ஒன்று. இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018 இல் மத்திய அரசு ஆணை போட்டது. அம்மாவின் டப்பாவில் இருந்ததில் பாதிக்கு மேல் அதற்கு முன்னால் வாங்கியவை. மீதி அதற்குப் பிறகும் சீட்டு இல்லாமலேதான் கிடைத்திருக்கின்றன.

அந்தப் படை புற்றுநோய் என்று தெரிய இன்னும் மூன்று மாதம் ஆனது. அதன் பெயர் மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ். தோலில் வரும் லிம்போமா. இதைப் பற்றித் தமிழில் தேடியபோது எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆறு வருடமாக ஒரு நோயாளிக்குத் துணைக்குப் போய் வந்தவள், அவ்வளவுதான்.

பெயரிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. 1806 இல் பாரிஸ் நகரத்து செயின்ட் லூயி மருத்துவமனையில் அலிபேர் என்ற தோல் மருத்துவர் இந்த நோயை முதன்முதலில் விவரித்தார். அவர் பார்த்த நோயாளிக்கு முற்றிய நிலை. தோலில் கட்டிகள் காளான் குடைபோலக் கிளம்பியிருந்தன. பின்னாளில் காளானைக் குறிக்கும் சொல்லை வைத்தே பெயர் சூட்டினார். இந்த நோய்க்கும் பூஞ்சைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்த ஒரு மருந்துக்கடைக்காரர், "ஃபங்கஸ்னுதானே போட்டிருக்கு, இதுக்கு ஏன் திருச்சிக்கு அலையறீங்க" என்று என்னிடமே கேட்டார். இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு பெயர் இன்றைக்கும் ஆளை வழிதப்ப வைக்கிறது.

உண்மையில் நடப்பது வேறு. நம் ரத்த வெள்ளணுக்களில் டி செல் என்று ஒரு வகை உண்டு. கிருமி வந்தால் அடையாளம் கண்டு சண்டை போடுகிற அணுக்கள். அவற்றில் ஒரு பகுதி தோலிலேயே குடியிருந்து காவல் காக்கும். அந்தக் காவல் அணுக்களில் ஒன்று கெட்டு, தன்னைப் போலவே பெருகத் தொடங்குவதுதான் இந்த நோய். மற்ற லிம்போமாக்களில் பெரும்பாலும் கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டும், அதைப் பார்த்துச் சந்தேகம் வரும். இதில் ஆரம்பத்தில் பெரும்பாலும் நெறி கட்டாது, காய்ச்சல் வராது, எடை குறையாது. வருடக் கணக்கில் தோலில் ஒரு திட்டு மட்டுமே இருக்கும். அரிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அபூர்வமான நோய்தான். பத்து லட்சம் பேருக்கு வருடத்துக்கு ஐந்தாறு பேர் என்கிறது அமெரிக்கக் கணக்கு. ஐம்பது வயதுக்கு மேல் அதிகம், பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். நம்மைப் போல நிறம் கூடிய தோல் உள்ளவர்களுக்கு இன்னொரு வடிவமும் வரும். அதில் திட்டுகள் வெளுத்துத் தேமல் போலவோ வெண்புள்ளி போலவோ இருக்கும். சின்ன வயதிலேயே, பிள்ளைகளுக்குக்கூட வரலாம். நம் ஊரில் வெளுத்த திட்டு என்றால் வீட்டில் முதலில் வருகிற பயம் தொழுநோய். அம்மா ஐந்து வருடம் வாயைத் திறக்காததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். தனக்கென்று தனிச் சோப்பு, தனித் துண்டு வைத்திருந்தாள், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தயங்கினாள். நான் அதை வயதான காலத்துச் சுத்தம் என்று நினைத்திருந்தேன். இந்த நோய் தொட்டால் ஒட்டாது. ஒரே சோப்பில் குளிக்கலாம், ஒரே பாயில் படுக்கலாம்.

இன்னொரு காரணம் நோய் தேர்ந்தெடுக்கும் இடம். வெயில் படாத இடங்களில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும்: இடுப்பு, பிட்டம், மேல்தொடை, மார்பின் அடிப்பக்கம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் இந்த அணுக்களை அடக்குகிறது என்பதால் முகமும் கையும் தப்பிக்கின்றன. சேலையும் பாவாடையும் மறைக்கிற அதே இடங்கள். நம் பெண்கள் டாக்டரிடம்கூடக் காட்ட மறுக்கிற இடங்கள். அம்மா வருடத்துக்கு நாலு தடவை சர்க்கரைக்காக டாக்டரைப் பார்க்கப் போனவள். ஒரு தடவைகூட இதைச் சொல்லவில்லை.

கை எலும்பு கூடியதும் திருச்சியில் ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். பெண் டாக்டர். திரையை இழுத்துவிட்டு, அம்மாவைச் சேலையைக் களையச் சொல்லி, உச்சி முதல் பாதம் வரை நல்ல வெளிச்சத்தில் பார்த்தார். இதற்கு முன் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு அவர் சொன்னது: "எல்லா ட்யூபையும் நிறுத்துங்கம்மா. நாலு வாரம் தேங்காய் எண்ணெய் மட்டும். அப்புறம் சதை எடுத்துப் பார்ப்போம்."

ஏன் நாலு வாரம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஸ்டீராய்டு தடவிய தோலில் அந்தக் கெட்ட அணுக்கள் தற்காலிகமாகப் பின்வாங்கிவிடும். அந்த நேரத்தில் சதை எடுத்தால் "சாதாரண எக்ஸிமா" என்று ரிப்போர்ட் வரும். அப்படித் தவறவிட்டவர்கள் பலர். இந்த நோயை முதல் திட்டு தோன்றியதிலிருந்து கண்டுபிடிக்கச் சராசரியாக மூன்று வருடம் ஆகிறது என்று ஐரோப்பிய ஆய்வுகளே சொல்கின்றன. நல்ல வசதி உள்ள நாடுகளில் மூன்று வருடம் என்றால் நம் நிலையை யோசித்துப் பாருங்கள்.

நாலு வாரத்தில் படை கொழுந்துவிட்டது. அம்மா ராத்திரி தூங்கவில்லை, என்னைத் திட்டித் தீர்த்தாள். பிறகு இரண்டு இடத்தில், பென்சில் முனை பருமனுக்குத் தோலைக் குடைந்து எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி, இடத்துக்கொரு தையல், பத்து நிமிட வேலை. நுண்ணோக்கியில் பார்த்தவர் மேல்தோலுக்குள் டி செல்கள் ஏறி வரிசை கட்டி உட்கார்ந்திருந்ததை எழுதியிருந்தார். கூடுதலாகச் சாயமேற்றிப் பார்க்கும் சோதனையில், ஆரோக்கியமான டி செல்லில் இருக்க வேண்டிய சிடி7 என்ற அடையாளம் காணாமல் போயிருந்தது. ஒரே தாய் அணுவிலிருந்து பெருகிய கூட்டமா என்று பார்க்கும் மரபணுச் சோதனையும் ஆம் என்றது. ஒரு சோதனையை மட்டும் வைத்து இந்த நோயை முடிவு செய்ய மாட்டார்கள். தோலின் தோற்றம், சதை, சாயம், மரபணு நான்கையும் சேர்த்துப் படித்துத்தான் சொல்வார்கள். முதல் சதைப் பரிசோதனையில் பிடிபடாவிட்டாலும் திட்டு அப்படியே இருந்தால் ஆறு மாதம் கழித்துத் திரும்ப எடுப்பதில் தவறே இல்லை.

நோயின் நிலையைக் கணக்கிட்ட விதம்தான் எனக்கு மறக்காது. விரல்களைச் சேர்த்த அம்மாவின் சொந்த உள்ளங்கைதான் அளவுகோல். அது உடம்பின் தோலில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. டாக்டரம்மா அம்மாவின் கையைப் பிடித்து ஒவ்வொரு திட்டின் மேலும் வைத்து வைத்து எண்ணினார். பதினான்கு கை. பத்துக்குக் கீழே என்றால் முதல் நிலையில் ஏ, அதற்கு மேல் என்றால் பி. ஒரு செண்டிமீட்டருக்கு மேல் கட்டி கிளம்பியிருந்தால் இரண்டாம் நிலை. உடம்பில் நூற்றில் எண்பது பங்குக்கு மேல் சிவந்து உரிந்தால் மூன்றாம் நிலை. நெறியும் ரத்தமும் சரியாக இருந்ததால் அம்மாவுக்கு ஒன்று பி.

இங்கேதான் எங்கள் வீடு தடுமாறியது. ஐந்து வருடம் யாருக்கும் அவசரமில்லை. கேன்சர் என்ற சொல் வந்த அன்றைக்கு ராத்திரியே எல்லோருக்கும் அவசரம் வந்துவிட்டது. மாமா சென்னைக்கு டிக்கெட் போட்டார். "வேரோட புடுங்கி எறியணும், சும்மா விடக் கூடாது" என்றார். இரண்டாவது கருத்துக்காகப் போன ஒரு பெரிய இடத்தில், அம்மாவின் தோலைப் பார்க்காமல் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டு, ஆறு தவணை கீமோ என்று தேதி குறித்துக் கொடுத்தார்கள். நாங்களும் சரி என்றுதான் இருந்தோம். தேதிக்கு முந்தின வாரம் டாக்டரம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். அவர் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசியிருக்காவிட்டால் அம்மாவின் கதை வேறாகியிருக்கும்.

அவர் சொன்னது 1989 இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் இந்த நோய் உள்ள 103 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆரம்பத்திலேயே நாலு மருந்து கீமோவும் உடம்பு முழுக்கக் கதிர்வீச்சும். இன்னொரு குழுவுக்கு மேல்பூச்சில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சை. கடுமையான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு நோய் முழுக்க மறைந்தது, மற்ற குழுவில் 18 பேருக்குத்தான். ஆனால் வருடங்கள் கழித்துப் பார்த்தால் உயிரோடு இருந்த காலத்தில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமில்லை. மறைந்தது திரும்பி வந்துவிட்டது. கீமோ வாங்கியவர்கள் பட்ட பாடு மட்டும் மிச்சம். இந்த அணுக்கள் மெதுவாகப் பெருகுபவை. வேகமாகப் பெருகும் அணுவை அடிக்கும் கீமோவுக்கு இவை சரியாக மாட்டுவதில்லை. அதோடு, புண்ணான தோல் வழியாகக் கிருமி நுழைவது இந்த நோயாளிகளுக்குப் பெரிய ஆபத்து. எதிர்ப்புச் சக்தியைக் கீமோ குறைத்தால் அந்த வாசல் இன்னும் அகலமாகத் திறக்கும்.

அம்மாவுக்கு வெளிச்சம்தான் மருந்தாக வந்தது. நேரோ பேண்ட் யூ.வி.பி. என்பார்கள். நம் ஆட்கள் "லைட் ட்ரீட்மென்ட்" என்கிறார்கள். பீரோ மாதிரி ஒரு கூண்டு, உட்சுவர் முழுக்கக் குழல் விளக்கு. 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் மட்டும் வரும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, துணியில்லாமல் நிற்க வேண்டும். முதல் நாள் ஒரு நிமிடம்கூட இல்லை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். அறுபது வயதில் துணியில்லாமல் நிற்பதா என்று அம்மா முதல் நாள் அழுதாள். அங்கிருந்த நர்ஸம்மா விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, "நான் திரும்பி நிக்கறேம்மா, நீங்க உள்ள போய்க் கதவச் சாத்திக்கங்க" என்றாள். அதற்குப் பிறகு அழவில்லை.

வாரம் மூன்று நாள். குளித்தலையில் பஸ் ஏறி, பெட்டவாய்த்தலை, ஜீயபுரம் தாண்டி, காவிரியை ஒட்டிய ரோட்டில் திருச்சி. போக வர மூன்று மணி நேரம், கூண்டுக்குள் மூன்று நிமிடம். பலர் பாதியில் விடுவது இந்த அலைச்சலால்தான், மருந்தால் அல்ல. நாலு மாதத்தில் வெளுத்த திட்டுகள் நிறம் கூடி மறைந்தன, கறுத்தவை மங்கின. தடித்திருந்த இரண்டு இடத்துக்கு மட்டும் வெளிச்சம் ஆழம்வரை எட்டவில்லை. அதற்கு டாக்டரம்மா ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தார். வாங்கிப் பார்த்தால், அம்மாவின் டப்பாவில் மற்ற இரண்டோடு கலந்து கிடந்த அதே குளோபெட்டசால் ஸ்டீராய்டு. ஆரம்ப நிலை திட்டுக்கு அது முறையான சிகிச்சைதானாம். என்ன நோய் என்று தெரிந்து, எங்கே, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று கணக்குப் போட்டுத் தடவும்போது அது மருந்து. தெரியாமல் தடவிய ஐந்து வருடம் அது நோயை மூடி வைத்த போர்வை.

வெளிச்ச வைத்தியத்தின் முன்கதை எனக்குப் பிடித்தமானது. இதற்கு முந்தைய முறை பூவா எனப்படும். சோரலென் என்ற பொருளை மாத்திரையாக விழுங்கி, அது தோலை வெளிச்சத்துக்குக் கூர்மையாக்கியதும் யூ.வி.ஏ. கதிரில் நிற்பது. சோரலென் முதலில் செடியிலிருந்து வந்தது. எகிப்தில் நைல் நதிப் பக்கம் வளரும் ஒரு செடியின் விதையிலிருந்து 1940களில் கெய்ரோவில் அதைப் பிரித்தெடுத்து வெண்புள்ளிக்குக் கொடுத்தார்கள். நம் நாட்டில் அதே சோரலென் வகைப் பொருள் இருப்பது கார்போகரிசியில். நலங்கு மாவு அரைக்க நாட்டுமருந்துக் கடையில் வாங்குவோமே, அதே விதை. வெண்புள்ளிக்கு நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வருவது. 1976 இல் பூவாவால் மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் மறைவதை பாஸ்டன் மருத்துவர்கள் எழுதினார்கள். 1987 இல் யேல் பல்கலைக்கழகத்தின் எடல்சன் இன்னும் ஒரு படி போனார். நோயாளியின் ரத்தத்தை வெளியே எடுத்து, வெள்ளணுக்களைப் பிரித்து, சோரலென் கலந்து யூ.வி.ஏ. வெளிச்சம் காட்டித் திரும்ப உடம்பிலேயே ஏற்றினார். நோய் ரத்தத்திலும் கலந்துவிடும் செசாரி நோய்க்கூறு என்ற கடுமையான வடிவத்துக்கு இன்றும் அந்த முறை உண்டு. இதைப் படித்துவிட்டுக் கார்போகரிசியை அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்காதீர்கள். தோல் வெந்து கொப்பளிக்கும்.

2022 இல் அம்மாவுக்குத் திரும்பி வந்தது. வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இந்த நோயை அடக்கி வைக்கலாம், வேரோடு பிடுங்குவது அரிது. இந்தத் தடவை வெளிச்சத்தோடு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையும் சேர்ந்தது. இதில் ஒன்றைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள். தினமும் போட்டால் ரத்த அணுக்கள் விழுந்து உயிருக்கே ஆபத்து. எழுதப்படிக்கத் தெரியாத நோயாளிகள் தினசரி மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கிவிடுவது நடக்கிறது. நாங்கள் காலண்டரில் வெள்ளிக்கிழமைகளில் குங்குமம் வைத்தோம். மாத்திரை அட்டை என் தம்பி மனைவியின் பீரோவில். வெள்ளி காலை அவள்தான் எடுத்துக் கொடுப்பாள்.

அதற்கு மேலான படிகள் எங்களுக்கு இதுவரை தேவைப்படவில்லை, தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திட்டு அதிகமாகித் தடித்தால் உடம்பு முழுக்க எலக்ட்ரான் கதிர் கொடுப்பது உண்டு. நம் ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்பார்களே, அதில் தோலைத் தாண்டி உள்ளே போகாத வகை. நோயாளி பல கோணங்களில் நின்று வாங்க வேண்டும், முடி கொட்டிப் பின்னர் முளைக்கும். சில பெரிய மையங்களில் மட்டுமே செய்கிறார்கள். பெக்ஸாரோட்டின், இன்டர்ஃபெரான், வோரினோஸ்டாட் என்று மருந்துகள் உண்டு. கெட்ட அணுவின் மேல் உள்ள அடையாளத்தைத் தேடிப்போய் ஒட்டும் பிரெண்டுக்ஸிமாப், மோகாமுலிஸுமாப் இந்த நோய்க்கு 2017, 2018 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. முற்றிய நிலையில், வயதும் உடம்பும் இடம் கொடுத்தால், வேறொருவரின் ஸ்டெம் செல் மாற்று. முற்றிய நோய் கடுமையானது, அதை மறைப்பதில் பயனில்லை. லண்டனில் ஒரே மையத்தில் 1502 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2010 இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 71 பேர் ஆரம்ப நிலையில் வந்தவர்கள். மொத்தப் பேரில் நூற்றுக்கு 34 பேருக்கு நோய் அடுத்த நிலைக்குப் போனது. மூன்றில் இரண்டு பங்குக்குப் போகவில்லை. ஒன்று ஏ நிலையில் பிடித்தவர்களின் ஆயுள், அதே வயதுள்ள மற்றவர்களின் ஆயுளிலிருந்து குறையவில்லை என்று ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 1996 இலேயே காட்டியிருக்கிறார்கள்.

அவசரப்பட வேண்டிய காலம் எது, பொறுத்துப் போக வேண்டிய காலம் எது என்பதை நாங்கள் தலைகீழாகச் செய்தோம். ட்யூப் வாங்கிய ஐந்து வருடத்தில் அவசரப்பட்டிருக்க வேண்டும். ரிப்போர்ட் வந்த வாரத்தில் நிதானித்திருக்க வேண்டும். அம்மா இரண்டு கை, மூன்று கை அளவில் இருந்தபோதே காட்டியிருந்தால் ஏ நிலையில் நின்றிருப்பாள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது அம்மாவுக்கு அறுபத்தாறு. தடித்த இடங்களில் கறுப்புத் தழும்பு மட்டும் இருக்கிறது. பேரன் மடியை விட்டு இறங்குவதில்லை. நாலு மாதத்துக்கு ஒரு தடவை திருச்சிக்குப் போய்த் திரைக்குப் பின்னால் நின்று தோலைக் காட்டிவிட்டு வருகிறாள்.

உங்கள் வீட்டில் ஆறு மாதத்துக்கு மேல் ஆறாத படை யாருக்காவது இருந்தால், அடுத்த ட்யூபை வாங்காதீர்கள். தோல் மருத்துவரிடம் போய் உடம்பு முழுவதையும் காட்டச் சொல்லுங்கள். இதுவரை என்னென்ன தடவினீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள், தீர்ந்த ட்யூப்களையும் எடுத்துப் போங்கள். "சதை எடுத்துப் பார்க்கணுமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். உங்கள் அம்மாவிடம் இன்றைக்கே கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.